ஹனீஃபா பாயின் தயிர்சாதம்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் எங்கள் தெருவில், முகூர்த்த நாளுக்கு முந்தின சாயங்காலம் யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு போனால் துக்கம் விசாரிக்கத் தேவையில்லை. ஹனீஃபா பாய் வீட்டில் வெங்காயம் நறுக்குகிறார்கள் என்று அர்த்தம். அவர் வீட்டு மாடியில்தான் நாங்கள் குடியிருந்தோம். ஆறு வருஷத்தில் என் மனைவி என்னால் அழுததைவிட அந்த வெங்காயத்தால் அழுததுதான் அதிகம். அதையும் அவள் என் தலையில்தான் கட்டினாள்.

பாய்க்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருஷமாகப் பிரியாணி மாஸ்டர். அந்தப் பக்கம் கோவளம், இந்தப் பக்கம் மறைமலை நகர், நடுவில் அவருடைய பிரியாணி அண்டா, அவர் பாஷையில் தேக்சா, இறங்காத மண்டபம் குறைவு. நிக்காஹ், சர்ச் கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் வீட்டு விசேஷம், எதுவானாலும் ஒரே மாதிரிதான் போவார். குட்டி யானை வண்டியில் பெரிய பெரிய தேக்சாக்களும் சவுக்குக் கட்டையும் ஏறும். முன் சீட்டில் பாய். பின்னால் பாத்திரத்தோடு பாத்திரமாக ஷாகுல். ஷாகுல், பாயின் மனைவி சித்திகா அக்காவின் தம்பி. நெருப்பு அவன் பொறுப்பு.

வேலை நடக்கும்போது பாயைப் பார்க்க வேண்டும். மசாலா கொதிக்கையில் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்குவார். அவர் ருசி பார்ப்பது அவ்வளவுதான். வெந்துகொண்டிருக்கும் அரிசியில் ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கி, "இப்ப" என்பார். அந்த நொடியில் ஷாகுல் கட்டைகளை வெளியே இழுத்து, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுத் தம் கட்ட வேண்டும். அரை நிமிஷம் தாமதித்தால் அன்றைக்கு முழுக்க ஷாகுலின் அப்பாவையும் தாத்தாவையும் இழுத்து வைத்துத் திட்டுவார். ஷாகுலின் அப்பா தன் சொந்த மாமனார் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் இருக்காது.

வீட்டில் அதே மனிதர் ஒரு டம்ளர் டீ போட மாட்டார். அடுப்படி சித்திகா அக்காவின் ராஜ்ஜியம். அக்காவும் ஒரு நாள்கூட அவர் சமைக்கிற இடத்துக்குப் போனதில்லை. விசேஷ வீட்டுப் பின்கட்டில் புகையும் ஆம்பிளைகளுமாக இருக்கும் இடத்தில் தனக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டார். பாய் கிளம்பும்போது ஒரு எவர்சில்வர் டப்பாவில் தயிர்சாதம் கட்டிக் கொடுப்பார். சாயங்காலம் பாய் திரும்பி வரும்போது ஒரு வாளி பிரியாணி வரும். அதில் ஒரு கிண்ணம் மாடிக்கும் வரும். எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் இருந்த மரியாதையில் அந்தக் கிண்ணத்துக்கும் பங்கு உண்டு, மறைப்பானேன்.

வினை ஒரு கேமராவில் வந்தது. பக்கத்துத் தெரு தனசிங் சார், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் மகன் ஜெர்சன் மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற ஒரு ஃபேக்டரியில் டிரெயினியாகச் சேர்ந்து, டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கியிருந்தான். வாங்கின நாளிலிருந்து நாய், குழாயடி, பஸ்ஸில் தொங்குகிறவன் என்று எதையும் விடவில்லை. கூட வேலை செய்கிறவனுடைய கல்யாணம் கோவளத்தில். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவன், மண்டபத்துக்குப் பின்னால் ஹனீஃபா பாயைப் பார்த்தான். பார்த்ததும் எடுத்துவிட்டான்.

நல்ல படம்தான். பாய் பனியனும் மடித்துக் கட்டின லுங்கியுமாக, கவிழ்த்துப் போட்ட தேக்சா மேல் உட்கார்ந்திருக்கிறார். மடியில் அந்த எவர்சில்வர் டப்பா. கையில் தயிர்சாதம். இரண்டடி தூரத்தில் இன்னொரு தேக்சா திறந்து கிடக்கிறது, அதன் அடியில் இன்னும் நாலு பேருக்குப் போதுமான பிரியாணி. பாய் அதன் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து தயிர்சாதம் சாப்பிடுகிறார்.

எங்கள் பக்கத்தில் யக்ஞநாராயணன் என்று ஒரு ரிடையரான மனிதர், வாராவாரம் நாலு பக்கத்தில் இலவசப் பத்திரிகை ஒன்று போட்டுவந்தார். டியூஷன், வாட்டர் கேன், மனை விற்பனை விளம்பரங்கள். கடைசிப் பக்கத்தில் வாசகர் எடுத்த புகைப்படம். ஜெர்சன் படத்தை மெயிலில் அனுப்ப, அவர் பரவசமாகிவிட்டார். "ஊருக்கெல்லாம் பிரியாணி, சமைத்தவருக்குத் தயிர்சாதம்!" என்று தலைப்பும் கொடுத்துப் போட்டுவிட்டார். ஜெர்சன் போதாக்குறைக்கு இன்டர்நெட்டில் ஆர்குட்டிலும் ஏற்றினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் எல்லா வீட்டு வாசலிலும் விழுந்தது.

"சார், பேப்பர்ல வந்துகிறேன், பாத்தீங்களா?" என்று பாய் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"பார்த்தேன் பாய். சூப்பர்."

"மூஞ்சிதான் சரியா வுழல. பனியனோட கீறேன். சொல்லிருந்தா ஒரு சட்டையாவது மாட்டிகினு இருப்பேன்ல?"

அன்றைக்கு நானும் சிரித்தேன். அதில் ஒரு தவறும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரே படத்தை ஊர் எத்தனை விதமாகப் பார்க்கும் என்று அந்த வாரம்தான் கண்டேன். யக்ஞநாராயணனுக்கு அது தயிர்சாதத்துக்குக் கிடைத்த வெற்றி. "கடைசியில பாய்க்கும் இதுதான் ஒத்துக்கறது பாருங்கோ" என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொன்னார். மெடிக்கல் ஷாப் ஏகநாதன், பாய்க்குக் குடல்புண் என்று படத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, இரண்டு பாட்டில் டானிக்கை எடுத்துவைத்தான். என் மனைவி, "பாவம், மனுஷனுக்கு ஒரு நாற்காலிகூடப் போடல பாருங்க" என்றாள். அயர்ன் வண்டிக்காரர் துளசிங்கம்தான் பேப்பரை மடித்துக்கொண்டே அதைச் சொன்னார். "அது இன்னாபா, தான் ஆக்குனத தானே துன்ன மாட்டேன்றாரு?" அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். சட்டை தேய்க்கக் கொடுத்த அத்தனை பேரும் தேய்த்த சட்டையோடு அதையும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை பல்லாவரத்திலிருந்து போன். இருபத்தைந்து கிலோ ஆர்டர் ஒன்று வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்டால், வீட்டோடு வைத்துக்கொள்கிறோம் என்று இழுத்தார்கள். மறுநாள் வேறு ஒருவர், கறி எங்கே வாங்குகிறீர்கள், நல்ல கறிதானே என்று விசாரித்தார். பாய் போனை வைத்துவிட்டு ஷாகுல் பக்கம் திரும்பினார்.

"இருவத்தாறு வருசமா ஒருத்தன் கேட்டதில்லடா ஷாகுலு. ஒரு ஃபோட்டோ வந்து கேக்க வெச்சிடுச்சு."

"நீ சொல்லேன் மச்சான். காலைலேர்ந்து புகைல நின்னா துன்ன முடியாதுன்னு சொல்லேன்."

"இன்னான்னு சொல்ல? ஸ்வீட் ஸ்டால்காரன் ஸ்வீட் துன்றதில்ல, அவன யாராவது கேக்குறானா?"

உண்மை அதுதான். விடியும் முன்னால் அடுப்பு பற்றவைத்து, நெய்யும் கறியும் பட்டையும் கிராம்புமாக எட்டு மணி நேரம் மூக்கு வழியாகவே சாப்பிட்டு முடித்துவிடுகிறார். பந்தி முடிந்து உட்காரும்போது அந்த வாசனை பட்டாலே குமட்டும். சமைக்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள்தான் ஊரில் அதிகம்.

சித்திகா அக்கா அந்தப் படத்தைக் கத்தரித்து, அடுப்படியில் சர்க்கரை டப்பாவுக்குக் கீழே வைத்திருந்தார். வாடகை கொடுக்கப் போன என்னிடம் அதை எடுத்துக் காட்டினார்.

"சார், இந்த நெழல பாருங்க. எம்மாம் நீளமா கீது."

பார்த்தேன். பாயின் நிழல் தேக்சாவையும் தாண்டி மதில்வரை போயிருந்தது.

"சாயங்காலம் நாலு மணியாவது ஆயிருக்கும், இல்ல? நான் காலைல வெறும் வயித்துல போறாரேன்னு கட்டிக் குடுக்குறது. வெடிஞ்சதும் சாப்ட்டுருவாரு, மத்தியானம் அங்கயே பந்தில உக்காந்துருவாருன்னு நெனச்சிகினு இருந்தேன். 'சாப்டீங்களா'ன்னா 'ஆச்சு'ன்னுவாரு. நாலு மணிக்கு அந்த தயிர்சாதம் எப்டி புளிச்சிருக்கும்? அத துன்னுட்டு வந்து என்கிட்ட ஆச்சுன்றாரு." முந்தானையால் படத்தின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தார். "இப்டி கூனி உக்காந்திருக்கறத நான் பாத்ததே இல்ல சார். வூட்டுல நெஞ்ச நிமித்திகினுதான் வருவாரு."

எனக்கு அக்காவைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஊர் முழுக்கக் கறியைத் தேடிக்கொண்டிருந்த படத்தில் அவர் ஒருத்தர்தான் வெயிலைப் பார்த்திருந்தார்.

வெள்ளிக்கிழமை தனசிங் சார் வந்தார். அவர் மகள் ஜென்சிக்கு ஈஸ்டர் கழிந்து கல்யாணம். கிழக்குத் தாம்பரத்தில் சர்ச், பக்கத்திலேயே ஹால். அறுபது கிலோ பிரியாணி, தாளிச்சா, பிரெட் ஹல்வா, எல்லாம் பாயிடம்தான் சொல்லியிருந்தார். அந்த வருஷத்தின் பெரிய ஆர்டர் அது. இதுவும் போனால் பல்லாவரத்துப் பேச்சு நிஜமாகிவிடும், அப்புறம் சேலையூரிலேயே தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று பாய்க்குத் தெரியும். வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"பாய், தப்பா எடுத்துக்கக் கூடாது. என் பையன் விளையாட்டா எடுத்த போட்டோ. அவனுக்கு வீட்டுல நல்லா விழுந்தது."

"பரவால்ல சார். விசயத்த சொல்லுங்க."

"மாப்பிள்ளை வீட்டுல அந்த போட்டோவைப் பார்த்திருக்காங்க. மாப்பிள்ளையோட அத்தை, மெட்டில்டா சிஸ்டர்னு பேரு, கல்யாணம் பண்ணிக்கல, மாப்பிள்ளையை வளர்த்ததே அவங்கதான். அந்த வீட்டுல அவங்க சொன்னா சொன்னதுதான். அவங்க கேட்டாங்களாம்."

"இன்னான்னு?"

"சமைச்சவர் ஏன் சாப்பிடலன்னு."

ஷாகுல் கொதித்தான். "இன்னா சார் இது பேஜாரா கீது! நீங்க எங்க கைல எத்தினி வாட்டி சாப்ட்டுகிறீங்க?"

"எனக்கு டவுட் இல்ல தம்பி. பெண்ணைக் கொடுக்கிறேன், என் நிலைமையை யோசிச்சுப் பாரு. அவங்க நேர்ல வந்து பேசணும்னு சொல்றாங்க. அடுத்த சனிக்கிழமை கூட்டிட்டு வரேன். கொஞ்சம் அனுசரிச்சுப் பேசுங்க பாய். தேவைப்பட்டா அவங்க முன்னாடி ஒரு பிளேட் சாப்பிட்டுக் காட்டிட்டா முடிஞ்சது."

சாப்பிட்டுக் காட்டுவது என்ற வார்த்தை பாயின் முகத்தில் அடித்தது எனக்கு மாடிப்படியிலிருந்தே தெரிந்தது. ஆமாம், நான் படியில்தான் உட்கார்ந்திருந்தேன். குடித்தனக்காரனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு.

ஷாகுல் ஒரு வழி கண்டுபிடித்தான். போட்டோவால் வந்ததைப் போட்டோவால்தான் எடுக்க வேண்டும். அந்தப் பையனையே கூப்பிட்டு, மச்சான் பிரியாணி சாப்பிடுகிற மாதிரி ஒரு படம் எடுத்து அதே பேப்பரில் போட்டுவிட்டால் போயிற்று. ஜெர்சன் குற்ற உணர்ச்சியில் கேமராவோடு ஓடிவந்தான். சித்திகா அக்கா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். வாழை இலையில் பிரியாணி, பக்கத்தில் கத்திரிக்காய் பச்சடி, முட்டை. வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். தெருவில் பாதிப் பேர் கேட்டோரம் நின்றோம்.

"அங்கிள், ஒரு வாய் எடுத்து அப்படியே ஹோல்ட் பண்ணுங்க. ஸ்மைல்."

பாய் ஒரு கை அள்ளினார். வாய்வரை கொண்டுபோனார். சிரிக்கவும் செய்தார். அது அவருடைய சிரிப்பாகவே இல்லை. நாலு நொடி அப்படியே இருந்தவர், அள்ளினதை இலையிலேயே வைத்துவிட்டுக் கையைத் தட்டினார்.

"வாணாம் தம்பி. நீ முன்ன எடுத்தியே, அதுல நான் கீறேன். இதுல எவனோ கீறான்."

"மச்சான், பேர் போவுது மச்சான்."

"போனா போவட்டும்டா. எங்கைல கரண்டி கீது. பேர திரும்ப சம்பாரிச்சிக்கலாம். பொய்யா ஒரு வாய் துன்னுட்டா அப்புறம் ஒவ்வொரு தேக்சா தெறக்கறப்பவும் ஒருத்தன் வந்து துன்னுக் காட்டுன்னுவான்."

சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மடித்து அக்காவிடம் கொடுத்தார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அறுபது கிலோ ஆர்டரை வைத்துக்கொண்டு அப்படிப் பேச எனக்கு வந்திருக்காது. ஜெர்சன் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த இலையைத் தானே சாப்பிட்டு முடித்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை பதினோரு மணி வெயிலில் தனசிங் சார் ஆட்டோவில் மெட்டில்டாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். எழுபதை நெருங்கின அம்மாள். ஒல்லி, காட்டன் புடவை, நரைமுடியை இழுத்துக் கட்டின கொண்டை. உள்ளே வந்ததும் உட்காராமல், முற்றத்தில் கவிழ்த்து அடுக்கியிருந்த தேக்சாக்களைப் பார்த்தார். ஒன்றின் அடியை விரலால் தடவி விரலைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. ஷாகுல் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான், சோதனை ஆரம்பித்துவிட்டது என்று.

பாய் காத்திருக்கவில்லை. நின்றபடியே ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, நீங்க பெரியவங்க. வூடு தேடி வந்துகிறீங்க. ஆனா முன்னாடியே சொல்லிர்றேன். உங்களுக்கு நம்ம கைமேல நம்பிக்க இல்லன்னா ஒரு கொறையும் இல்ல, வேற மாஸ்டர பாத்துக்குங்க, நல்ல ஆளா நானே ரெண்டு பேர் சொல்றேன். துன்னுக் காட்டுன்னு மட்டும் கேக்காதீங்க. இருவத்தாறு வருசம் சமைச்சிருக்கேன், சர்க்கஸ் காட்டல."

"பாய், பாய்..." என்று தனசிங் சார் எழுந்துவிட்டார்.

அடுப்படி வாசலில் நின்ற சித்திகா அக்கா அதற்குள் முன்னால் வந்தார். அந்த வீட்டில் வெளியாள் முன்னால் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"அவரு துன்னலன்னா இன்னா? நாங்க துன்னுகினுதான கீறோம்? ஒவ்வொரு கல்யாணத்துலேர்ந்தும் ஒரு வாளி வரும். எம்பொண்ணுங்க ரெண்டும் அந்த வாளிலதான் வளந்துச்சுங்க. பெரியவ கைனாத்து திண்டிவனத்துல ரெண்டு புள்ள பெத்துட்டா. சின்னவ ரூக்சாரு காலேஜ் போறா. எதுனா ஆச்சா அதுங்களுக்கு? மேல் வூட்டு சார கேளுங்க, ஆறு வருசமா துன்றாரு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முடிந்தவரை ஆரோக்கியமாக நின்றேன்.

மெட்டில்டா அம்மாள் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். பிறகு தனசிங் சாரிடம் திரும்பினார்.

"இவங்ககிட்ட நீங்க என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

"இல்ல சிஸ்டர், நீங்க கேட்டதாச் சம்பந்தியம்மா போன்ல சொன்னாங்க... சமைச்சவர் ஏன் சாப்பிடலன்னு..."

"ஆமா, கேட்டேன். அந்த போட்டோவைப் பார்த்துட்டு, இந்த மனுஷர் சாயங்காலம் வரைக்கும் ஏன் சாப்பிடல, நம்ம கல்யாணத்துலயும் இவரை இப்படித்தான் விடப் போறாங்களான்னு கேட்டேன். அதுக்குத்தான் நேர்ல பார்க்கணும்னு சொன்னேன். இதுல சந்தேகம் எங்கேர்ந்து வந்தது?"

தனசிங் சாரைச் சொல்லிக் குற்றமில்லை. மாப்பிள்ளை வீட்டார் மழை வருமா என்று கேட்டாலே, ஏன் இன்னும் ஷாமியானா போடவில்லை என்று பெண்ணைப் பெற்றவர் காதில் விழும். அந்தக் கேள்வி அத்தையிடமிருந்து சம்பந்தியம்மாளுக்கும், அவரிடமிருந்து தனசிங் சார் வீட்டுக்கும், அங்கிருந்து இந்த முற்றத்துக்கும் வந்து சேர்வதற்குள் கரிசனம் புகாராகிவிட்டது.

மெட்டில்டா அம்மாள் இப்போதுதான் உட்கார்ந்தார். "நான் லேடீஸ் ஹாஸ்டல் மெஸ்ல முப்பத்தோரு வருஷம் இருந்தேன் பாய். சமையல்காரியா சேர்ந்து, மெஸ் இன்சார்ஜா ரிடையர் ஆனேன். தினம் முந்நூறு பிள்ளைங்களுக்குச் சாம்பார். வேலை முடிஞ்சு தட்டுல சாம்பாரைப் பார்த்தா வயித்தைப் புரட்டும். ஊறுகாயும் மோருமா எத்தனை வருஷம் ஓட்டினேன் தெரியுமா? ஒருத்தர் கேட்டதில்ல. அந்தப் போட்டோவைப் பார்த்ததும் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல."

பாய் நின்றபடியே, "டீ சாப்டுங்க" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, பக்கத்தில் கிடந்த கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார்.

"நான் ஒரு கண்டிஷன் போடுவேன்" என்றார் அந்த அம்மாள். "கல்யாணத்தன்னிக்கு முதல் பந்தியில நீங்க உட்காரணும்."

அதைக் கேட்டதும்தான் பாய்க்குப் பழைய மிடுக்கு திரும்பியது. "அது முடியாதும்மா. தம் ஒடைக்கறது நானு. மேல் சோத்த ஒதுக்கி, பக்கத்துலேர்ந்து தட்டுபோட்டு வெட்டி எடுத்தாத்தான் கறியும் சோறும் ஒண்ணா வரும். வேற எவனாவது கரண்டிய வுட்டு கிளறினான்னா, மொத பந்திக்கு கறி, கடேசி பந்திக்கு வெறுஞ்சோறு. பந்தி முடியற வரைக்கும் நான் அந்தண்ட இந்தண்ட நகர மாட்டேன்."

"சரி. அப்ப நீங்க சாப்பிடுற வரைக்கும் நானும் சாப்பிட மாட்டேன்."

"அம்மா, உங்க வயசுக்கு..."

"என் வயசை நான் பார்த்துக்கறேன். நீங்க உங்க தேக்சாவைப் பாருங்க."

கல்யாணம் ஏப்ரல் கடைசியில் நடந்தது. காற்றே இல்லாத வெயில். சர்ச்சில் பாட்டு முடிந்து ஜனங்கள் ஹாலுக்கு வரும்போது பாய் முதல் தேக்சாவின் மூடியைத் தூக்கினார். அந்த மணத்துக்கு, போட்டோ எடுக்க வரிசையில் நின்ற கூட்டம் பாதி கலைந்தது. நானும் கலைந்தேன். பந்தி பந்தியாக நடந்தது. துளசிங்கம் குடும்பத்தோடு வந்து மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். கறியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல்லாவரத்துக்காரர்கள் திரும்பி வரவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில வாய்கள் அப்படித்தான்.

இரண்டு மணிக்குத் தனசிங் சார் வியர்த்து வழிய ஓடிவந்தார். "மெட்டில்டா சிஸ்டர் இன்னும் சாப்பிடல! மாப்பிள்ளை வீட்டு அத்தை சாப்பிடலன்னா என்ன பேசுவாங்க?" மூன்று மணிக்கு மாப்பிள்ளையே வந்து கெஞ்சினான். பட்டுப்புடவையில் அந்த அம்மாள் ஹால் ஓரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சித்திகா அக்கா. மெட்டில்டா அம்மாள் தானே பாய் வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்து அக்காவை அழைத்துவிட்டுப் போயிருந்தார். அக்காவும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இரண்டு பேரும் ரொம்ப நாள் சிநேகிதிகள் மாதிரி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றரைக்குக் கடைசிப் பந்தி எழுந்தது. மெட்டில்டா அம்மாள் நேரே பின்கட்டுக்குப் போனார்.

"பாய், முதல்ல குளிங்க. தலைக்கு ஊத்துங்க. இந்த பனியன், துண்டு எதுவும் கூட வரக்கூடாது. அப்புறம் புகை படாத இடமா முன்பக்கம் வந்து கால்மணி நேரம் சும்மா உட்காருங்க. நாக்கு தானா திரும்பி வரும். ரிடையர் ஆகுற வருஷம்தான் எனக்கே இது தெரிஞ்சுது."

பாய் மறுக்கப் பார்த்தார். அக்கா சோப்பையும் மாற்றுத் துணியையும் நீட்டினார். சர்ச் தோட்டத்துக் குழாயடியில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டார் மனிதர். தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு முன் வாசலுக்கு வந்தபோது எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. ஹாலின் முன்வராந்தாவில் மேஜை போட்டிருந்தது. மெட்டில்டா அம்மாளுக்கும் பாய்க்கும் எதிரெதிரே இலை. சம்பந்திகள், மாப்பிள்ளை, ஜென்சி, ஜெர்சன், எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஜெர்சன் கேமராவைத் தொடவில்லை.

ஷாகுல் பரிமாறினான். அவசரத்தில் ஒரு துண்டு கறி மேஜையில் விழுந்தது. பாய் பிஸ்மி சொல்லி ஒரு கவளம் எடுத்தார். மென்றார். இன்னொரு கவளம் எடுத்து, அதையும் நிதானமாக மென்றார்.

"ஷாகுலு."

"இன்னா மச்சான்?"

"உப்பு கம்மியா கீதுடா."

ஷாகுல் பதறிவிட்டான். "எப்பவும் போடற உப்புதான் மச்சான்! நீயே நக்கிப் பாத்து சரின்னியே!"

"எப்பவும் போடறதுதானா?"

"அல்லா மேல சத்தியமா மச்சான். இருவத்தாறு வருசமா இதே அளவுதான்."

பாய் இலையைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, மெட்டில்டா அம்மாள் நாற்காலிக்குப் பின்னால் நின்ற சித்திகா அக்காவைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அந்த வாளியிலயும் இப்டித்தான் வருதா?"

அக்கா தயங்கினார். "கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். நான் வூட்டுல ஒரு சிட்டிகை தூவிக்குவேன்."

"ஏண்டி, இத்தினி வருசமா ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க ஒருநாளாவது பக்கத்துல உக்காந்து சாப்ட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் அக்கா.

மெட்டில்டா அம்மாள் மேஜையில் இருந்த உப்புக் கிண்ணத்தை நடுவில் நகர்த்தி வைத்துவிட்டுத் தன் இலையில் கையை வைத்தார். பாய் பக்கத்தில் இருந்த நாற்காலியை இடது கையால் இழுத்துப் போட்டார்.

"உக்காரு. உனக்கும் எல போடச் சொல்றேன். சாப்ட்டு சொல்லு, இன்னும் இன்னா கம்மி?"